பத்துப் பல் கிளட்ச் தட்டு

அந்த முக்காலியில் உட்காராதீர்கள், ஆயில் இருக்கிறது. இப்படி இந்தப் பெஞ்சுக்கு வாருங்கள். உங்கள் புஷ்ஷை இந்தப் பட்டறைச் சொந்தக்காரி சாந்தாமணி கையில் எடுக்கவே இன்னும் அரை மணி நேரம் ஆகும். கடைந்து முடிக்க அதற்கு மேல் ஒரு மணி. அந்த அம்மணி அவசர வேலை செய்யாது. அவசரப்படுத்துகிறவர்களுக்கு வேலையே செய்யாது. இந்த ஆவாரம்பாளையத்தில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. அத்தனையையும் விட்டுவிட்டு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால் யாரோ விவரம் தெரிந்தவர் அனுப்பியிருக்கிறார்.

நேரம் போகவேண்டுமே, இதைப் படியுங்கள். விளம்பரமில்லை. துண்டறிக்கை. நான் எழுதியது.

சரி, பையில் வையுங்கள். எல்லோரும் பையில்தான் வைக்கிறார்கள்.

என் பெயர் வெள்ளிங்கிரி. வார்ப்படத் தொழிலாளர் ஒற்றுமைச் சங்கத்தின் பொதுச்செயலாளர். முப்பத்து மூன்று வருடமாக நான்தான், போட்டியே இல்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் போனேன். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில். ஒரே தாளில் சொல்லமுடியாத விஷயம் உலகத்தில் எதுவுமில்லை என்பது என் கருத்து. இப்போது எல்லோரும் போனில் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். தள்ளட்டும். எட்டு மணி நேர வேலை யார் வாங்கிக் கொடுத்தது என்று அந்தப் போனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வந்ததிலிருந்து சுவரில் மாட்டியிருக்கிற அந்த இரும்புத் தட்டையே பார்க்கிறீர்கள். கட்டைவிரல் கனம், நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் இரண்டு வரிசையாகச் சின்ன ஓட்டைகள். அது எங்கள் சங்கத்தின் பெரும்பான்மை முடிவுப்படி செய்த தட்டு. பொருந்தவில்லை. "அத எதுக்கு அம்மணி இன்னும் மாட்டி வெச்சிருக்கறே, எடைக்குப் போட்டிரு" என்று நானும் சொல்லிவிட்டேன். "இருக்கட்டுங்ணா, மனசு சரியில்லாதப்ப பாத்துக்குவேன்" என்கிறது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் சங்கத்துக்கு ஒரு கார் உண்டு. ஸ்டாண்டர்டு வான்கார்டு, ஐம்பத்திரண்டாம் வருட மாடல், கருப்பு. பின்பக்கம் ஆமை முதுகு மாதிரி வளைந்து இறங்கும். ஒரு மில் முதலாளி வைத்திருந்த கார், ஏலத்தில் சங்கத்துக்கு வந்தது. முதலாளி உட்கார்ந்த சீட்டில் வார்ப்படத் தொழிலாளி உட்கார்ந்து மைக்கில் பேசுவான். அந்தக் காலத்தில் அது வந்தாலே தெருவில் இருக்கிற தொழிலாளிகளெல்லாம் வெளியே வந்துவிடுவார்கள்.

அப்போது சங்கம் ஒன்றுதான். நான் செயலாளர், ஆறுச்சாமி தலைவர். ஆறுச்சாமி என் மனைவி சரசுவின் அண்ணன். எனக்குப் பெண் பார்த்தது, பந்தல் போட்டது, பந்தி விசாரித்தது எல்லாம் அவன்தான். அதெல்லாம் சொந்த விஷயம், விடுங்கள். தொண்ணூற்றொன்றில் எங்கள் வார்ப்பட ஆலையில் வேலைநிறுத்தம். நாற்பத்தொரு நாள். நாற்பத்தொன்றாவது நாள் ஆறுச்சாமி பேச்சுவார்த்தைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்திருந்தால் நிர்வாகம் காலில் விழுந்திருக்கும். அவன் கேட்டான், "மாப்பிள்ளை, ஆளுக வீட்டுல அடுப்பெரியலீங்க. ஒரு வாரத்துக்கு யாருங்க பொறுப்பு?" என்று. நான் பொறுப்பு என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் சங்கம் உடைந்தது. மூன்று வருடம் கழித்து ஆலையையே மூடிவிட்டார்கள். நான் சொன்னதுதான் சரி என்று அப்போதாவது அவன் ஒப்புக்கொண்டானா? இல்லை.

நாங்கள் ஒற்றுமைச் சங்கம் ஆனோம். அவர்கள் ஐக்கிய சங்கம் ஆனார்கள்.

சொத்தைப் பிரிக்கவேண்டுமே. நாற்காலிகள் பாதிப் பாதி. ஆம்பிளிபயர் எங்களுக்கு, குழாய் ஸ்பீக்கர் அவர்களுக்கு. காரை என்ன செய்வது? நாங்கள் இருவரும் தொழிலாளர்கள், எதையும் கழற்றத் தெரிந்தவர்கள். எஞ்சின் அவர்களுக்கு, பாடியும் கியர் பாக்சும் எங்களுக்கு என்று முடிவாயிற்று. கிளட்ச்தான் தகராறு. அது எஞ்சினோடு சேர்ந்ததா, கியர் பாக்சோடு சேர்ந்ததா? இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். கடைசியில் நான் ஒரு காரியம் செய்தேன். காரின் முன்பக்கம் பானெட்டில் இருக்கிற கொடிக்கம்பத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தால் கிளட்சை நீயே வைத்துக்கொள் என்றேன். ஒத்துக்கொண்டான். எவ்வளவு பெரிய ராஜதந்திரம் பாருங்கள். கிளட்ச் வெறும் இரும்பு, கொடி கொள்கை. ஒவ்வொரு பொருளிலும் பட்டியல் எண்ணை உளியால் வெட்டினோம். கிளட்ச் தட்டு, அவர்கள் பங்கு, பட்டியல் 'அ', எண் ஏழு. நானே கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன், "இன்னையிலிருந்து உனக்கு அண்ணன் இல்லை" என்று. "சரிங்க" என்றாள். முப்பத்து மூன்று வருடமாக ஒரு வார்த்தை அவனைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. அப்படிப்பட்ட கட்டுப்பாடு எங்கள் செயற்குழுவில்கூடக் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் கோனியம்மன் கோயிலுக்குப் போவாள். நான் பகுத்தறிவாளன், ஆனால் தடுக்கமாட்டேன். காலையில் அடுக்குக் கேரியரில் சோறு குழம்பு பொரியல் என்று படையலுக்கு எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் காலிக் கேரியரோடு வருவாள். நெற்றியில் ஒரு பொட்டுத் திருநீறு இருக்காது. கோயிலுக்குப் போய்வந்தும் திருநீறு பூசாத பெண் இந்தக் கோயமுத்தூரில் அவள் ஒருத்திதான். என் துண்டறிக்கைகளை அவ்வளவாகப் படிக்காவிட்டாலும் பகுத்தறிவு காற்றிலே பரவியிருக்கிறது.

சரி, காருக்கு வருவோம். எஞ்சின் இல்லாத கார் எங்கள் சங்க அலுவலகத்துக் கொட்டகையில் நின்றது. கார் இல்லாத எஞ்சின் அவர்கள் அலுவலக வாசலில் கிடந்தது. அதை அவன் என்ன செய்தான் தெரியுமா? அதன் மேலே கொடிக்கம்பம் நட்டான். மழையிலும் வெயிலிலும் கிடந்து அது இறுகி ஒரே துருக்கட்டி ஆகிவிட்டது.

இந்த வருடம் பொங்கலுக்கு ஐக்கிய சங்கம் ஒரு நோட்டீஸ் போட்டது. அதில் ஒரு வரி: "காரை வைத்துக்கொண்டு நடந்தே ஊர்வலம் போகும் அண்ணன்மாருக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்துகள்." எனக்கு வந்த கோபம்! அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதினேன். "வருகிற மே தினத்தன்று எமது கார் தன் சொந்த பலத்தில் பழைய ஆலை வாசலை அடையும். அடையாவிட்டால் ஒற்றுமைச் சங்கம் அன்றே கலைக்கப்படும்." அச்சுக்குக் கொடுத்து, ஆயிரம் பிரதி விநியோகமும் ஆகிவிட்டது.

சரசு அதைப் படித்துவிட்டு அரிவாள்மனையில் வெங்காயத்தை வைத்தபடியே கேட்டாள். "ஏனுங்க, சங்கத்தக் கலச்சிட்டா நீங்க பகலெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?"

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்களிடம் மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அதில் இருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குக் காது கேட்காது. ஆனால் எல்லோரும் அசல் வார்ப்படக்காரர்கள். உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர் எங்கள் மறைந்த தோழர் ஒருவருடைய மகன். விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினை, அப்பா பெயரைச் சொல்லி, சும்மா தூக்கிக் கொடுத்தார். நாலு வருடம்கூட ஓடாத எஞ்சின். பார்த்தால் தையல் மெஷின் மாதிரி இருந்தது. இதுவா அந்தக் கப்பலை இழுக்கும் என்றார்கள். சாந்தாமணி அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னது, "எஞ்சின் இழுக்குமுங்ணா. கஷ்டம் அதுல இல்ல. இதுக்கும் உங்க கியர் பாக்ஸுக்கும் ஒண்ணுக்கொண்ணு மொகமே தெரியாது. அறிமுகம் பண்ணி வெக்கோணும்."

மூன்று சங்கதி என்றது. ஒன்று, எஞ்சினின் பின்முகத்தில் இருக்கிற போல்ட் ஓட்டைகளும் கியர் பாக்ஸ் வாயில் இருக்கிற ஓட்டைகளும் வேறு வேறு. நடுவில் ஒரு தட்டு வேண்டும், அதில் இரண்டு பேருடைய ஓட்டைகளும் இருக்கவேண்டும். இரண்டு, கியர் பாக்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டின் மூக்கு எஞ்சினின் நட்ட நடுவில் போய் உட்காரவேண்டும். அதற்கு மோதிரம் மாதிரி ஒரு பித்தளைப் புஷ். மூன்று, கிளட்ச் தட்டு. அது எஞ்சினின் சக்கரத்தைக் கவ்வவேண்டும், நடுவில் இருக்கிற பல் மட்டும் கியர் பாக்ஸ் தண்டில் கோக்கவேண்டும்.

"கியர் பாக்ஸையே மாத்தி, எஞ்சினுக்குன்னு வந்ததையே போட்டுட்டா இந்தப் பாடு எதுவும் இல்லீங்ணா" என்றது.

அன்று மாலையே பொதுக்குழு கூட்டினேன். தீர்மானம்: கியர் பாக்ஸ் எழுபது வருடப் பணி மூப்புள்ள தொழிலாளி. நேற்று வந்த எஞ்சினுக்காக அதை ஆட்குறைப்பு செய்ய முடியாது. ஏகமனதாக நிறைவேறியது. சாந்தாமணி தீர்மானத்தைப் படித்தது. இரண்டு தரம் படித்தது. "சரிங்ணா, தட்டுக்கு அளவு எடுத்துக்கறேன்" என்றது.

அங்கேதான் நான் குறுக்கிட்டேன். அளவு எடுப்பது உறுப்பினர்களின் உரிமை என்றேன். முதல் ஓட்டையிலிருந்து தண்டின் மையம் எவ்வளவு தூரம்? ஒருவர் டேப்பால் அளந்தார், ஒருவர் தையற்காரர் ஸ்கேலால், ஒருவர் நூல் பிடித்து. கடைசியில் இரண்டு அளவு நின்றது. நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று ஒரு கட்சி, நூற்று நாற்பத்தொன்றரை என்று ஒரு கட்சி. காரசாரமான விவாதம். ஓட்டெடுப்புக்கு விட்டேன். ஏழுக்கு நான்கு. நூற்று நாற்பத்திரண்டு வென்றது.

"ஏனுங்ணா, நடுவெங்க இருக்குதுன்னு ஓட்டுப் போட்டா முடிவு பண்றது?" என்றது சாந்தாமணி.

"பின்னே எப்படி முடிவு செய்வது? நீ ஒரு ஆள் சொல்லியா?"

சாந்தாமணி இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனது. ஓட்டுப்படியே வெட்டிக் கொடுத்தது. அதுதான் சுவரில் தொங்குகிறது. மாட்டிப் பார்த்தோம், தண்டு புஷ்ஷுக்குள் போகமாட்டேன் என்றது. நாலு பேர் போல்ட்டை இறுக்கித் திணித்தோம். உள்ளே போயிற்று, ஆனால் எஞ்சினைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. பெரும்பான்மை முடிவுக்கு அந்தத் தண்டு கட்டுப்படவில்லை. சாந்தாமணி எல்லாவற்றையும் கழற்றி, முள் வைத்த கடிகாரம் மாதிரி ஒரு மானியை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அரை நாள் அளந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னது, "ரெண்டு கட்சியும் தப்புங்ணா. ரெண்டுக்கும் நடுவுல இருக்குது."

அந்த வாக்கியத்தில் இருக்கிற அரசியலை நான் அங்கேயே கண்டித்தேன். ஆனால் புதுத் தட்டு பொருந்திவிட்டது. புஷ்ஷும் வெண்ணெய் மாதிரி இறங்கிவிட்டது.

மிச்சம் கிளட்ச். புது எஞ்சினோடு வந்த கிளட்ச் தட்டின் நடுவில் இருபது பல். எங்கள் தண்டில் பத்துத்தான். புதுத் தட்டின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, பழைய தட்டின் பத்துப் பல் நடுவை அதில் வைத்து ரிவெட் அடித்தால் முடிந்தது. ஆனால் பழைய தட்டு?

பட்டியல் 'அ', எண் ஏழு.

"புதுசா வெட்டிக் குடு அம்மணி" என்றேன்.

"வெட்டலாமுங்ணா. ஆனா உங்க தண்டுல பல்லு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குது. அதோட கூடவே தேஞ்ச தட்டுதான் அதுல சரியா உக்காரும். புதுசு போட்டா அடிச்சுக்கும், மே தினத்துக்குள்ள ஒடஞ்சு போகும். போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

கேட்பதா? நானா? ஒரு துண்டறிக்கை போட்டேன். "கிளட்ச் தட்டை உழைக்கும் மக்களிடம் ஒப்படை!" மூன்றாம் நாள் அவனிடமிருந்து பதில் நோட்டீஸ் வந்தது. "கொடிக்கம்பத்துக்காகக் கிளட்சை விட்டுக்கொடுத்தவர் யார்? நாடறியும்." நான் "நாடறிந்த துரோகம்" என்று இன்னொன்று போட்டேன். அவன் "நாற்பத்தொன்றாம் நாள்: நடந்தது என்ன?" என்று நாலு பக்கத்தில் ஒன்று. ஏப்ரல் மாதம் முழுக்க இதுதான். அச்சகத்துக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அலமாரியில் காகிதம் ஒதுக்கி வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், முப்பது வருடத்தில் நான் இவ்வளவு உற்சாகமாக எழுதியதில்லை. காலையில் எழுந்ததும் அவன் என்ன எழுதியிருப்பான் என்றுதான் முதல் நினைப்பு. எதிரி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

ஆனால் தட்டு வரவில்லை. மே தினத்துக்கு எட்டு நாள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கிளட்ச் தட்டின் பல்லைப் பற்றியே பேசினேன். சரசு கேட்டாள், "எத்தன பல்லுங்க வேணும்?" "பத்து" என்றேன். "உனக்கெதற்கு?" "சும்மா கேட்டேனுங்க. சாமிகிட்ட வேண்டிக்கறப்ப கணக்காச் சொல்லோணுமல்லங்க."

நம்பமாட்டீர்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போனவள் சாயங்காலம் வந்து மஞ்சப்பையை நேரே இந்தப் பெஞ்சின் மேல் வைத்தாள். உள்ளே காலிக் கேரியர். அதற்கடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு பழைய கிளட்ச் தட்டு. பத்துப் பல்!

"எங்கே கிடைத்தது?"

"கோயில் வாசல்ல ஒரு பழைய இரும்புக்காரன் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் பரப்பி வெச்சிருந்தானுங்க. எண்ணிப் பாத்தேன், பத்து இருந்துது. எடுத்தாந்தேன்."

சாந்தாமணி வேறு பக்கம் திரும்பி லேத்தைத் துடைக்க ஆரம்பித்தது. நான் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். உளியால் வெட்டிய எழுத்து: அ - 7.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஐக்கிய சங்கத்து அலுவலகத்தில் திருட்டுப் போயிருக்கிறது! தொழிலாளர் சொத்தைப் பாதுகாக்கத் தெரியவில்லை அந்த ஆட்களுக்கு. யாரோ திருடி இரும்புக்காரனுக்குப் போட்டிருக்கிறான், அது சுற்றிச் சுற்றி உரியவர் கைக்கே வந்திருக்கிறது. இன்னொன்று பாருங்கள், முப்பத்து மூன்று வருடம் ஆகியும் அந்தத் தட்டில் ஒரு துளி துரு இல்லை. எண்ணெய் மினுமினுவென்று இருந்தது. அந்தக் காலத்து இரும்பு அப்படி.

"அம்மணி, இதை விடக்கூடாது. 'காவல் காக்கத் தெரியாத தலைமை' என்று ஒரு நோட்டீஸ் போடுகிறேன்."

"மொதல்ல கிளட்ச்சு போட்டுக்கலாங்ணா. நோட்டீஸ் எங்கயும் போயிராது" என்றது சாந்தாமணி.

ரிவெட் அடித்து, தண்டில் கோத்தது. ஒரு சின்னச் சத்தம் வந்தது, பெட்டி மூடுகிற மாதிரி. அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாளில் எஞ்சின் உறுமியது. உறுமவில்லை, முனகியது. புது எஞ்சினுக்குக் குரல் போதாது. அதை நான் மைக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் சாந்தாமணி கேட்டது, "ஏனுங்ணா, யாரு ஓட்டறது?"

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலு மாதம், ஒன்பது கூட்டம், இருபத்தேழு தீர்மானம். ஓட்டுநர் பற்றி ஒரு தீர்மானமும் இல்லை. அந்தக் காருக்குக் கியர் கம்பி தரையில் இருக்காது, ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றே கியர். உள்ளே தேய்மானம் இருப்பதால் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தரம் மிதித்துத்தான் போடவேண்டும். அந்த வித்தை தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் ஓட்டுவான், நான் பின்சீட்டில் மைக் பிடிப்பேன், அப்படித்தான் பதினான்கு வருடம் போனோம். அவன் பெயரை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் சொல்லவிடவில்லை. கால் டாக்சி ஓட்டுகிற திவாகர் என்பவரை ஏற்பாடு செய்தோம். நல்ல மனிதர். ஆனால் கிளட்சே இல்லாத காரில் பழகியவர்.

மே தினம். காலை ஒன்பது மணி. பானெட்டில் கொடி. பின்சீட்டில் நான், மடியில் ஆம்பிளிபயர். பின்னால் பத்துப் பேர், அதில் இருவர் ஆட்டோவில். திவாகர் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவதுக்கு மாற்ற அவருக்குத் தைரியமில்லை. கார் தேனீக் கூடு மாதிரி கத்திக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வந்தது. வரட்டும், சொந்த பலத்தில் வருகிறதல்லவா!

நாற்சந்திக்கு வந்தோம். சரியாக ஐக்கிய சங்கத்துக் கொடிக்கம்பத்துக்கு முன்னால். குறுக்கே ஒரு தண்ணி லாரி. திவாகர் பிரேக்கை மிதித்தார், கார் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. கிளப்பினார். மறுபடி ஒரு குதி, நின்றது. கியர் கம்பியைப் போட்டு இழுத்தார். உள்ளே இரும்பு அரைபடுகிற சத்தம். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வெளியே வந்துவிட்டார்கள். "ஏப்பா, தள்ளி உடட்டுமா?" என்று ஒருவன். தள்ளினால் சொந்த பலமில்லை. சங்கம் அன்றே காலி. மைக் கையில் இருந்தும் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை.

கொடிக்கம்பத்தடியில் அவர்கள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். நரைத்துவிட்டான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான்.

"தம்பி, எறங்குங்க."

"நீங்க யாருங்க?" என்றார் திவாகர்.

"கியர் பாக்ஸ் அழுகற சத்தம் கேட்டு வந்தேன். எறங்குங்க சாமி, பல்லு போயிரும்."

எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "வெளியாட்கள் சங்கத்தின் காரைத் தொடக்கூடாது என்று எச்சரிக்கிறேன்!"

"மாப்பிள்ளை, பக்கத்துலதான இருக்கறேன். மைக்க அணைச்சுட்டுச் சொல்லுங்க."

"ஊர் கேட்கட்டும்!"

"கேக்குதுங்க. பீளமேடு வரைக்கும் கேக்குது."

உட்கார்ந்தான். இடது கால் கிளட்சை ஒரு தரம் மிதித்தது, விட்டது, மறுபடி மிதித்தது. கம்பியை இரண்டு விரலால் தூக்கினான். சத்தமே இல்லை. கார் கிளம்பியது. இரண்டாவது கியர். சத்தமே இல்லை. எங்கள் ஆட்கள் கோஷம் போட்டார்கள். அவனுடைய ஆட்களும் சேர்ந்து போட்டார்கள். அதை நான் அனுமதிக்கவில்லை, ஆனால் மைக்கில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

"புடிமானம் நல்லாருக்குதுங்க" என்றான் ஆறுச்சாமி.

"இருக்காதா? உங்கள் தட்டுத்தான். உங்கள் அலுவலகத்தில் திருட்டுப் போனதுகூடத் தெரியாமல் இருக்கிறீர்கள். கோயில் வாசலில் கிடைத்தது, தெரியுமா?"

"அப்புடிங்களா" என்றவனுக்கு இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினான். தோள் இரண்டும் குலுங்கின. வயசாகிவிட்டது, பாவம்.

சாலைப் பிரிவு வந்தது. இடது பக்கம் போனால் பழைய ஆலை வாசல். அவன் வலது பக்கம் ஒடித்தான்!

"தோழர்களே!" என்றேன் மைக்கில். "கார் வலது பக்கம் திரும்புவதை ஒற்றுமைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது!"

"எங்க மைதானத்துல கொடி ஏத்தோணுங்க மாப்பிள்ளை. ஒரு சுத்து. அப்பறம் நேரா உங்க கேட்டுத்தான்."

"இது என்ன, பேச்சுவார்த்தையா?"

"இல்லீங்க. ஸ்டியரிங்கு."

கண்டித்துக்கொண்டே போனேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றும்வரை நிறுத்தவில்லை. அவர்கள் கொடியேற்றினார்கள். நான் காரை விட்டு இறங்கவில்லை, ஆனால் கொடி மேலே போகும்போது எழுந்து நின்றேன், தலை கூரையில் இடித்தது. பிறகு சொன்னபடியே திருப்பினான். பழைய ஆலை இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. கருப்புக் காரையும் கொடியையும் பார்த்த காவலாளி யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து ஒரு சல்யூட் அடித்து, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். நாற்பத்தொரு நாள் கத்தியும் எங்களுக்குத் திறக்காத கேட்! உள்ளே போய் நின்றது கார். சொந்த பலத்தில்.

நாற்பது நிமிடம் பேசினேன். பால்கனிகளில் நின்று கேட்டார்கள். ஒரு அம்மாள் இரண்டு சங்கத்து இருபது பேருக்கும் மோர் கொடுத்தனுப்பினார். ஆறுச்சாமி எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, முழுவதும் உட்கார்ந்து கேட்டான். முடித்ததும் திரும்பிப் பார்த்து, "நாற்பத்தொண்ணாவது நாள் பத்திச் சொன்னது மட்டும் தப்புங்க" என்றான். "நாளைக்கு நோட்டீஸ்ல எழுது" என்றேன். "எழுதறேனுங்க" என்றான். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். உள்ளே வரச் சொல்லவில்லை நான். அவனும் வாசலில் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத்தான் போனான்.

சரசு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். முப்பத்து மூன்று வருடப் போராட்டம் இன்று வெற்றி பெற்றது, எதிரி தானாகவே வந்து எங்கள் காரை ஓட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான், கோயில் வாசலில் தட்டு கிடைத்த சேதியைக் கேட்டதும் அவமானத்தில் இருமலே வந்துவிட்டது என்றேன்.

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தாள். களைந்த தண்ணீர் புடவையில் கொட்டியது தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நிறுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி சிரிப்பாள். இத்தனை வருடம் வீட்டு மூலையில் இருந்துகொண்டு அவளும் இந்த இயக்கத்தை எவ்வளவு மனதில் வைத்திருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.